தக்காளி நசுங்காத கத்தி: குறைந்த செலவில் முதல் நல்ல கத்தியை வாங்குவது எப்படி?

முதலில் ஒரு சின்ன சோதனை. நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி ஒன்றை எடுங்கள். பெங்களூர் தக்காளி வேண்டாம். அதன் சதை கெட்டி என்பதால் மொண்ணைக் கத்திக்கும் கொஞ்சம் ஈடுகொடுத்துவிடும். வீட்டில் இப்போது இருக்கும் கத்தியைத் தக்காளி மேல் வைத்து, அழுத்தாமல், ஒரே ஒருமுறை இழுங்கள். தோல் கீறி அலகு உள்ளே இறங்கினால் உங்களுக்குப் புதுக் கத்தி தேவையில்லை, காசை மிச்சம் பிடியுங்கள். தோல் குழிந்து, கத்தி வழுக்கி, கடைசியில் முனையால் குத்தி ஓட்டை போட்டு அங்கிருந்து அறுக்க ஆரம்பிக்கிறீர்களா? அப்படியென்றால் மேலே படியுங்கள். நானும் பத்து வருஷம் அப்படிக் குத்தித்தான் அறுத்தேன். தக்காளியை வெட்டுகிற முறையே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் அம்மா எல்லாவற்றையும் அரிவாள்மனையில்தான் நறுக்குவார். மனையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, காயை இரண்டு கையாலும் பிடித்து அலகின் மேல் தள்ளுவார். அலகு அசையாது, காய்தான் நகரும். நின்று சமைக்கிற மேடை வந்ததும் அரிவாள்மனை பரணுக்குப் போயிற்று. அதன் இடத்துக்கு பிளாஸ்டிக் பிடி போட்ட, விரல் அகலமே உள்ள சின்னக் கத்தி வந்தது. காய் நிற்க, கத்தி நகர வேண்டும் என்று எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. அதற்கு எப்படிப்பட்ட கத்தி வேண்டும், அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

கடைக்குப் போகும் முன்

இருக்கிற கத்தியை ஒருமுறை ஒழுங்காகத் தீட்டிப் பாருங்கள். எப்படித் தீட்டுவது என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு ஒரு கல் வேண்டும். அந்தக் கல்லை நீங்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், அதனால் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். தீட்டிய கூர் மூன்று, நான்கு வாரம் நின்றால் அதுவே நல்ல கத்தி. நாலே நாளில் பழையபடி வழுக்க ஆரம்பித்தால் அந்த எஃகில் சத்து இல்லை. அப்போது வாங்கலாம்.

எத்தனை கத்தி, என்ன அளவு

ஆறு கத்தி, ஒரு கத்தரிக்கோல், எல்லாவற்றையும் சொருகி வைக்க ஒரு மரத்தாங்கி என்று அழகாக அடுக்கி விற்கும் செட்டை வாங்காதீர்கள். நான் வாங்கியிருக்கிறேன். அதிலிருந்த ரொட்டிக் கத்தி இன்றைக்கும் புத்தம் புதிதாக இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் வாங்கும் பிரெட் துண்டு போட்டே வருகிறது. மற்ற ஐந்தும் ஒரே மாதத்தில் மழுங்கின. அந்தப் பணத்துக்கு உருப்படியான கத்தி ஒன்று வந்திருக்கும்.

வீட்டுச் சமையலுக்கு இரண்டு போதும். ஒன்று பெரியது, இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். இன்னொன்று 8 முதல் 10 செ.மீ. அலகுள்ள சின்னது: சின்ன வெங்காயம் உரிக்க, கத்திரிக்காய்க் காம்பு நறுக்க, பச்சை மிளகாய் கீற. சின்னதற்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். மூன்றாவதாக, பரணிலிருக்கும் அரிவாள்மனையோ வெட்டுக்கத்தியோ அங்கேயே இருக்கட்டும். தேங்காய் உடைக்க, ஆட்டெலும்பு வெட்ட, மீன் தலையைப் பிளக்க, பலாப்பழம் அறுக்க அதுதான் வேண்டும். புதுக் கத்தியை இந்த வேலைகளுக்கு ஒருநாளும் எடுக்கக் கூடாது. இதை வீட்டில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குறிப்பாகத் தேங்காயை.

பெரிய கத்தியில் இரண்டு வடிவங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று 'செஃப்ஸ் நைஃப்'. அலகு 20 செ.மீ., அதாவது 8 அங்குலம் இருக்கும். வாய்ப்பகுதி, அதாவது வெட்டும் ஓரம், முனையை நோக்கி வளைந்து ஏறும். முனையைப் பலகையில் ஊன்றியபடி பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி ஊஞ்சல் போல ஆட்டி நறுக்கலாம். கொத்தமல்லி, புதினா, பூண்டு எல்லாம் இதில் பொடியாகிவிடும். அரை முட்டைக்கோஸை ஒரே இழுப்பில் அறுக்க இந்த நீளம் வேண்டும். இன்னொன்று ஜப்பான்காரர்களின் 'சான்டோகு'. 16 முதல் 18 செ.மீ. நீளம், வாய் ஏறக்குறைய நேராக இருக்கும், முனை மொட்டை. இதை ஆட்டக் கூடாது, மேலிருந்து கீழே இறக்கி நறுக்க வேண்டும். பீன்ஸ், கேரட், வெண்டைக்காய் என்று காயாகவே நறுக்கும் வீட்டுக்கு இது ரொம்ப வசதி. மேடை சின்னது, பலகையும் சின்னது என்றால் சான்டோகு வாங்குங்கள். மாதம் ஒருமுறையாவது பிரியாணிக்கு இரண்டு கிலோ வெங்காயம் நறுக்குகிற வீடு என்றால் 20 செ.மீ. நீளம் பயமாகத் தெரிந்தாலும் அதையே வாங்குங்கள். பயம் ஒரு வாரத்தில் போய்விடும்.

நீளத்தை எல்லோரும் பார்ப்பார்கள், அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. பிடிக்குப் பக்கத்தில் அலகின் முதுகிலிருந்து வாய் வரை குறைந்தது 4.5 செ.மீ. இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி பலகையைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் விரல் முட்டி தொட்டுவிடும். விரல் அகலக் கத்தியால் மேடையின் ஓரத்தில் வைத்தே நறுக்கப் பழகியிருப்பதற்கு இதுதான் காரணம்.

எஃகு: காந்தத்தோடு கடைக்குப் போங்கள்

பாத்திரக்கடையில் கத்தி கேட்டால் எல்லாமே 'ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்' என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. துருப்பிடிக்காத எஃகு ஒரே வகை இல்லை, அது ஒரு பெரிய குடும்பம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி இரும்பில் ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம் சேர்த்தார். அந்த எஃகு துருப்பிடிக்காமல் நின்றது. குரோமியம் துருவைத் தடுக்கும். கத்திக்கு வேண்டிய கடினத்தைத் தருவது கார்பன். இரண்டும் சரியான அளவில் இருந்து, எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி இதமான சூட்டில் பதப்படுத்தினால்தான் கூர் நிற்கும். கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்வது இதைத்தான்.

நம் எவர்சில்வர் தட்டு, டம்ளர்களில் பலவும் 18/8 என்ற வகை: குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். தட்டுக்கு அருமையான எஃகு அது. ஆனால் அதற்குத் துவைச்சல் ஏறாது; எவ்வளவு காய்ச்சிக் குளிரவைத்தாலும் கடினமாகாது. அதில் செய்த கத்தியை எத்தனை முறை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 18/8 எஃகில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் பட்டும் படாமலும்தான். துவைச்சல் ஏறும் கத்தி எஃகில் 'டப்'பென்று ஒட்டும்.

நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு கத்தியை எடுத்து, "ஜெர்மன் ஸ்டீல் சார், ஆயுசுக்கும் உழைக்கும்" என்றார். காந்தத்தை அலகில் வைத்தேன். அது வழுக்கிக்கொண்டு போய்க் கல்லா மேஜையில் விழுந்தது. அவர் என்னையும் காந்தத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது அந்த மாதிரி ஜெர்மன் இல்ல சார்" என்றார். எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: காந்தம் ஒட்டாவிட்டால் அந்தக் கத்தியைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம், ஆனால் ஒட்டிவிட்டது என்பதாலேயே அது நல்ல கத்தி ஆகிவிடாது. மட்டமான எஃகிலும் காந்தம் ஒட்டும்.

அடுத்தது, அலகிலோ அட்டைப் பெட்டியிலோ அச்சடித்திருக்கும் எஃகின் பெயர். புதிர் மாதிரி இருக்கும், ஆனால் படிக்கத் தெரிந்தால் எளிது. 'எக்ஸ்50சிஆர்எம்ஓவி15' என்று இருந்தால் கார்பன் 0.50 சதவீதம், குரோமியம் 15 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கத்திகளில் நிறைய இந்த எஃகுதான். சீனக் கத்திகளில் '5சிஆர்15எம்ஓவி' என்று பார்த்தால் அதுவும் ஏறக்குறைய அதே சரக்கு. '3சிஆர்13' என்றால் கார்பன் 0.3 சதவீதம்தான், கொஞ்சம் மிருது, அடிக்கடி தீட்ட வேண்டிவரும். எஃகின் பெயரே இல்லாமல் 'பிரீமியம் ஸ்டீல்', 'ஜப்பானிய ஸ்டீல்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள், 'எச்ஆர்சி' என்று போட்டிருக்கும். முதல் கத்திக்கு 55 முதல் 58 வரை சரியான இடம். ஜப்பானில் செய்யும் உயர்ந்த ரகக் கத்திகள் 60ஐத் தாண்டும். கூர் வெகுநாள் நிற்கும், ஆனால் அலகு நொறுங்கும் சுபாவம் உள்ளது. தெரியாமல் ஒரு எலும்பில் இறக்கினால் வாயில் பல் விழுந்த மாதிரி ஓட்டை விழும். 56இல் இருக்கும் கத்தி அதே தப்பைச் செய்தால் கொஞ்சம் மடங்கும், தீட்டிச் சரிசெய்துவிடலாம். புதிதாகப் பழகுகிறவர் தப்பு செய்யாமல் இருக்க மாட்டார், நானும் செய்தேன்.

துருப்பிடிக்கிற பழைய ரக கார்பன் எஃகுக் கத்திகளைப் பலர் புகழ்வார்கள். தீட்டுவது சுலபம், கூரும் அபாரம். ஆனால் எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுக்கும். வாழைப்பூவும் கத்திரிக்காயும் இரும்பு அலகு பட்டால் இன்னும் சீக்கிரம் கறுத்துப்போகும். கடலோர ஊரில் ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்புள்ளி. முதல் கத்தியாக வேண்டாம், இரண்டாவதாக ஆசைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். செராமிக் கத்தியும் வேண்டாம். கீழே விழுந்தால் உடையும், வீட்டுக் கல்லில் தீட்டவும் முடியாது.

இங்கே ஒரு கிளைக்கதை. அலகில் அலை அலையாகக் கோலம் போட்ட கத்திகளை 'டமாஸ்கஸ்' என்று விற்கிறார்கள். அந்தப் பெயருக்குப் புகழ் தேடித்தந்த பழைய வாள்கள் 'ஊட்ஸ்' எனப்பட்ட தென்னிந்திய எஃகில் அடிக்கப்பட்டவை. உருக்கு, உக்கு என்ற நம் பக்கத்துச் சொற்களே ஐரோப்பியர் வாயில் ஊட்ஸ் ஆயிற்று என்பதுதான் பொதுவான கருத்து. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆனால் இன்றைய டமாஸ்கஸ் கத்தி வேறு. பல அடுக்கு எஃகை ஒட்டவைத்துச் செய்வது. அதிலும் மலிவு விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாதாரணத் தகட்டின் மேல் லேசரில் போட்ட கோலம். நாலு முறை தேய்த்தால் கோலம் மங்கிவிடும். வெட்டுவதற்கும் கோலத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெருமைப்பட வேண்டுமானால் கொடுமணலுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

கத்தியை நேராக மேலிருந்து பாருங்கள். முதுகு பிடிக்கு அருகே 2 மி.மீ. சுமார் இருந்து, முனையை நோக்கிப் போகப் போக மெலிய வேண்டும். வாய்ப்பக்கம் இறங்க இறங்கவும் மெலிய வேண்டும். தகடு ஒரே தடிமனாக வந்து, கடைசி ஒரு மில்லிமீட்டரில் மட்டும் கூர் வைத்திருந்தால் அது கத்தி மாதிரி வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கும். அப்படிப்பட்ட கத்தியில் கேரட்டை நறுக்கினால் பாதி தூரம் வெட்டி, மீதிப் பாதி 'டக்'கென்று உடையும். அந்தச் சத்தம் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா?

பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிடிப் பக்கத்திலிருந்து வாயை நீளவாக்கில் பாருங்கள். கோணல் தெரியக் கூடாது. அலகின் அடிப்பக்கத்தில், பிடி சேரும் இடத்தில், தடித்த இரும்புக் கட்டை வாய் வரைக்கும் இறங்கியிருக்கும் கத்திகள் உண்டு. பார்க்கக் கம்பீரம், ஆனால் தீட்டும்போது அந்தக் கட்டை கல்லில் இடிக்கும். தவிர்த்துவிடுங்கள்.

பிடி ஈரக்கையில் வழுக்கக் கூடாது. அதற்குமேல் அது மரமா பிளாஸ்டிக்கா என்று கவலைப்பட வேண்டாம். மரப்பிடிக்கும் ஆணிக்கும் இடையே நகம் நுழையும் சந்து இருந்தால் அதில் மீன் வாடையும் அழுக்கும் குடியேறும். பழுக்கக் காய்ச்சி அடித்துச் செய்ததா, தகட்டிலிருந்து வெட்டி எடுத்ததா என்ற விவாதமும் உங்களுக்கு வேண்டாம். தகட்டில் வெட்டியது லேசாக இருக்கும், விலையும் குறைவு, வீட்டுக்கு அதுவே நல்லது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் ஒன்று பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் மட்டுமே சரிவு வைத்த சில ஜப்பானியக் கத்திகள் வலதுகைக்காரருக்காகச் செய்தவை. இரண்டு பக்கமும் சரிவு இருந்தால் யாருக்கும் சரி.

எந்தக் கம்பெனி, எவ்வளவு பணம்

என் சிபாரிசு, கையில் காசு இருந்தால் விக்டோரினாக்ஸ். சிவப்பு மடக்குக் கத்தி செய்யும் அதே சுவிஸ் நிறுவனம், 1884இல் கார்ல் எல்செனர் தொடங்கியது. கறுப்புப் பிடி போட்ட 'ஃபைப்ராக்ஸ்' வரிசையில் வரும் 20 செ.மீ. கத்தியை உலகம் முழுக்க ஓட்டல் சமையலறைகளில் பார்க்கலாம். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது, ஆனால் மெல்லிய அலகு, வழுக்காத பிடி, சுலபமாகத் தீட்டலாம். அதே நிறுவனத்தின் பல் வைத்த சின்னத் தக்காளிக் கத்தி விலை குறைவு. மேலே சொன்ன சின்னக் கத்தியாக அதையே வாங்கிவிடலாம்.

அதற்குக் கொஞ்சம் கீழே ஜப்பானின் 'காய்' நிறுவனத்தின் சாதாரண வரிசைகள் இருக்கின்றன; சான்டோகு இதில் நன்றாக இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் மலிவான வழி உண்டு: தாய்லாந்தின் 'கிவி' கத்தி. தகடு காகிதம் மாதிரி மெல்லிசு, எஃகு மிருது, கூர் அடிக்கடி போகும். ஆனால் தீட்டியதும் வெட்டுவதைப் பார்த்தால் விலையை நம்ப முடியாது. தீட்டிப் பழகுவதற்கு அதைவிட நல்ல கத்தி இல்லை.

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கணக்கை இப்படிப் போடுங்கள். கையில் இருப்பது 2,500 ரூபாய் என்றால் முழுவதையும் கத்தியில் போடாதீர்கள். 1,300க்குள் கத்தி, 700க்குள் பலகை, மீதி கல்லுக்கு. 1,300 ரூபாய்க் கத்தியை ஒழுங்காகத் தீட்டி மரப்பலகையில் வெட்டினால், கிரானைட் மேடையில் வெட்டி மழுங்கிப்போன பத்தாயிரம் ரூபாய்க் கத்தியை அது அடித்துவிடும். விலை உயர்ந்த கத்தி நம்ப முடியாத தள்ளுபடியில் கிடைத்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். எடுத்த பொருளைத் திருப்பித் தர வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகை

கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை இவை மூன்றிலும் வெட்டக் கூடாது. இப்போது எவர்சில்வர் பலகை என்று ஒன்று எல்லா இடத்திலும் விற்கிறார்கள்; சுத்தமாக இருக்கும், பூசணம் பிடிக்காது, எல்லாம் சரி. கத்தியின் வாய் அதைவிட மெல்லியது. ஒவ்வொரு வெட்டுக்கும் எஃகில் எஃகை மோதுகிறீர்கள். ஒரு வாரத்தில் தக்காளி மறுபடி நசுங்கும்.

வேப்ப மரமோ மா மரமோ, சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக்கோ போதும். 40க்கு 30 செ.மீ. இருந்தால் வெங்காயம் கீழே உருளாது. பலகைக்கு அடியில் ஒரு ஈரத்துணியை விரித்து வையுங்கள், நகரவே நகராது. கறி, மீன் சமைக்கிற வீட்டில் அதற்கு ஒரு தனிப் பலகை.

தீட்டுவது

எங்கள் தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்துச் சாணை பிடிக்கிறவர் வருவார். அரிவாள்மனைக்கும் அரிவாளுக்கும் அவர்தான் சரி. புதுக் கத்தி வாங்கிய மூன்றாம் மாதம் நானும் ஆசையாக அவரிடம் கொடுத்தேன். தீப்பொறி பறந்தது, வேடிக்கை பார்க்க நன்றாக இருந்தது. திரும்பி வந்தபோது அலகின் நடுவில் பிறை நிலா மாதிரி ஒரு குழிவு. பலகையில் வைத்தால் நடுப்பகுதி தொடவே இல்லை. பீன்ஸ் எல்லாம் நூலில் கோத்த மாதிரி தொங்கிக்கொண்டு வந்தது. அதோடு, வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய வாய் சூடேறி நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விடும். அப்புறம் அங்கே கூர் நிற்காது. நீங்களே தீட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேர வேலை.

ஹார்டுவேர் கடையில் இரண்டு முகமுள்ள தீட்டுக்கல் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மழமழப்பு. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் எண் போட்ட கல்லாக, 400 ஒரு பக்கம், 1000 மறுபக்கம் உள்ளதாக வாங்குங்கள். எண் கூடக் கூடப் பொடி நைசாகும். வாய் ரொம்ப மழுங்கியிருந்தால்தான் 400 பக்கம். மற்றபடி 1000 போதும்.

கல்லைத் தண்ணீரில் குமிழ் அடங்கும் வரை ஊறவிட்டு, ஈரத்துணி மேல் வையுங்கள். கத்தியின் வாய் உங்களைப் பார்த்திருக்க, அலகைக் கல்லில் படுக்கப்போட்டு, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு? முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. 15 முதல் 20 டிகிரி வரும். அந்தச் சாய்வு மாறாமல் வைத்துக்கொள்வதுதான் முழு வித்தை. வேறு ரகசியம் எதுவும் இல்லை. இடது கை விரல் இரண்டை வாய்க்குப் பக்கத்தில் அலகின் மேல் வைத்து, இட்லி மேல் விரல் வைத்துப் பார்க்கும் அழுத்தத்தில், முன்னும் பின்னும் தேயுங்கள். அடியிலிருந்து தொடங்கி முனை வரை கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். கல்லில் கறுப்பாகச் சேறு வரும், அதைக் கழுவாதீர்கள். அதுவும் சேர்ந்துதான் தீட்டுகிறது.

எப்போது நிறுத்துவது? மறுபக்கத்து வாயில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, குறுக்கே, மெதுவாகத் தடவுங்கள். நீளவாக்கில் தடவக் கூடாது. நகத்தைப் புதிதாக வெட்டினால் ஓரத்தில் தட்டுமே ஒரு பிசிறு, அதுபோல மெல்லிசாகத் தட்டுப்படும். அந்தப் பிசிறு அடியிலிருந்து முனை வரை தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. கத்தியைத் திருப்பி மறுபக்கமும் அதேபோல. கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு நாலு, ஐந்து முறை மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கழுவித் துடைத்துவிட்டுத் தக்காளியிடம் போங்கள்.

முதல் தடவை சுமாராகத்தான் வரும். மூன்றாவது தடவை உங்களுக்கே சிரிப்பு வரும், இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று. பழைய கத்தியில் இரண்டு முறை பழகிவிட்டுப் புதியதைத் தொடுங்கள்.

ஒருமுறை தீட்டியதற்கும் அடுத்த முறை தீட்டுவதற்கும் நடுவே வாய் லேசாக மடங்கியிருக்கும். கறிக்கடை பாய் வெட்டுவதற்கு முன்னால் கத்தியைக் கம்பியில் 'சரக் சரக்'கென்று உரசுவாரே, அந்த மடிப்பை நிமிர்த்தத்தான். கம்பி வாங்க வேண்டியதில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் போட்டால் அடியில் பளபளப்பு இல்லாத வளையம் ஒன்று இருக்கும், அதில் அதே சாய்வில் பக்கத்துக்கு நாலு இழுப்பு இழுத்தால் போதும். சந்துக்குள் கத்தியை விட்டு இழுக்கும் ரெடிமேட் தீட்டான் அவசரத்துக்கு உதவும், வழக்கமாக்கினால் அலகைச் சாப்பிட்டுவிடும்.

தினமும்

கத்தியை சிங்க்கில் பாத்திரத்தோடு போடாதீர்கள். அலகு மற்றதில் இடித்து மழுங்கும், தேய்ப்பவர் கையும் கிழியும். வெட்டி முடித்ததும் மெதுவான நாரால் கழுவி, உடனே துடையுங்கள். கம்பி நார் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் புளி, உப்பு, எலுமிச்சைச் சாறோடு இரவெல்லாம் கிடந்தால் புள்ளி விழும். வாழைக்காய் நறுக்கும் முன் அலகில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. நறுக்கியதைப் பலகையிலிருந்து வழிக்கும்போது கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். எல்லோரும் வாயால்தான் வழிக்கிறோம், கூர் போவதில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் சந்தேகம். டிராயரில் போடுவதென்றால் பழைய காலண்டர் அட்டையை மடித்து ஒட்டி உறை செய்துவிடுங்கள்.

பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பிடியை மட்டும் இறுக்கிப் பிடிக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியை இரு பக்கமும் கிள்ளினாற்போல் பற்ற வேண்டும், மீதி மூன்று விரல் பிடியைச் சுற்றி. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, அலகு நடுவிரல் முட்டியை உரசியபடி இறங்கட்டும். ஆரம்பத்தில் அரிவாள்மனைக்காரர்களுக்கு இது ரொம்ப விநோதமாக இருக்கும். கத்தி கைநழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், கால்களை நகர்த்திக்கொண்டு விட்டுவிடுங்கள். முதல் வாரம் பிளாஸ்திரியும் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பழைய கத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். பால் பாக்கெட் வெட்ட, பார்சல் பிரிக்க, மீன் செதில் தேய்க்க ஒன்று வேண்டும். அது கண்ணில் படும் இடத்தில் இருந்தால்தான் புதியது தப்பும். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா புதுக் கத்தியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தக்காளி ஒன்றை நறுக்கிக் காட்டினேன். தோல் தானாகப் பிளந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றவர், மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் அதை வைத்துத் தேங்காய்ச் சில்லைச் சிரட்டையிலிருந்து நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்.